இரண்டு நாற்பது

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள்.
எனக்குப் பசி வரவில்லை.
பத்தும் பறந்துவிட்டன.

மணி இரண்டு நாற்பது.
பனிவாரி வண்டிகள் நிற்கும் கொட்டகையில்
ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து
நின்றபடியே தின்கிறேன்.
பழுப்புப் பாலாடைக்கட்டி: கத்தி தேடவில்லை, கடித்தேன்.
மீன்முட்டைப் பசை: குழாயிலிருந்து நேராக நாக்கில்.
பகல் ஓட்டுநர் ஹால்வார்
பெயர் எழுதி மூடி வைத்திருந்த
நான்கு அவித்த உருளைக்கிழங்கில் மூன்று.
அவன் பெயரையும் விழுங்கியதுபோல்
தொண்டையில் ஏதோ நிற்கிறது.
ருசி எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள்.
வாய் ஒரு மலைச்சாலை.
பனி கொட்டிக்கொண்டே இருக்கிறது,
நான் வாரிக்கொண்டே இருக்கிறேன்.

நவம்பர் கடைசியில்
போட்ஸ்ஃபியூரை விட்டுச் சூரியன் போனது,
சொல்லிக்கொள்ளாமல்.
அன்றிலிருந்து காலை, நண்பகல், எற்பாடு,
மாலை, வைகறை எல்லாமே
யாமத்தின் புனைபெயர்கள்.
பதினொரு மணிவாக்கில் மலைக்குப் பின்னால்
யாரோ ஒரு நீலத்துணியை உதறுகிறார்கள்.
பார்ப்பதற்குள் மடித்து வைத்துவிடுகிறார்கள்.

கிர்க்கெனெஸில் மருத்துவர் காகிதத்தில் வரைந்து காட்டினார்.
கண்களுக்குப் பின்னால் அரிசியளவு ஒரு கடிகாரம்,
அது வெளிச்சத்தைப் பார்த்து மணி சொல்லும்.
ஈரலில் ஒன்று, கணையத்தில் ஒன்று, குடலில் ஒன்று,
அவை சோற்றைப் பார்த்து மணி சொல்லும்.
"ஒன்றின் பேச்சை மற்றொன்று கேட்காவிட்டால்?"
அவர் பேனாவை மூடினார்.
"நேரத்துக்குச் சாப்பிடுங்கள், கூட்வெய்க்."
எந்த நேரத்துக்கு என்று கேட்க
வீடு வந்து சேர்ந்தபிறகுதான் தோன்றியது.

இரண்டு மாதமாக என் முகத்தில் விழும் ஒரே விடியல்
இந்த ஃபிரிட்ஜ் விளக்கு.
விடிந்துவிட்டது என்று ஈரல் நம்புகிறது, பாவம்.
விடிந்தால் சாப்பிடத்தானே வேண்டும்.

வீட்டில் நான் குருவிபோல் கொறிப்பதைப் பார்த்து
ஒட்கெய்ர் கவலைப்படுகிறான்.
பிஸ்கட் உறைகளை எட்டாக மடித்து
டீசல் துடைத்த கந்தல்களுக்கு அடியில்
நான் புதைப்பது அவனுக்குத் தெரியாது.

கதவு தட்டப்பட்டது. திறந்தும்விட்டது.
மூன்று மணித் தொடருக்காகத்
தடுப்புக்கம்பியின் முன் காத்திருக்கும் பதினொரு வண்டிகளில்
மீன் ஏற்றிய லாரிக்காரன், வைடோடாஸ்.
என் வாய் நிறைந்திருந்தது.
நான்காவது உருளைக்கிழங்கு உள்ளங்கையில் நசுங்கியது.
என் கையைப் பார்த்தான். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான்.
கேட்க வந்ததைக் கேட்காமல்
மேலங்கிப் பையிலிருந்து சிலவற்றை எடுத்து
மேஜைமேல் வைத்தான்.
சாக்லேட் உறைகள். ஐந்து.
எட்டாக மடித்தவை.

"எனக்கு வழக்கமாக மூன்றேகால்" என்றான்
உடைந்த நார்வேஜியனில்.
"கௌனாஸில் அப்போது நான்கேகால்.
இன்றைக்கு முந்திவிட்டது."

நாங்கள் சிரிக்கவில்லை.
நான் கையைக் கழுவினேன். வண்டிகளை எண்ணினேன்.
புறப்பட்டோம்.

மலைமேல் காற்று லாரிகளைத் தோளால் இடித்தது.
பின்கண்ணாடியில் பதினொரு ஜோடி விளக்குகள்,
ஒவ்வொன்றுக்குள்ளும்
யாரோ ஒருவருடைய ஈரல், யாரோ ஒருவருடைய நள்ளிரவு.
ஆனாலும் எல்லோருக்கும் வேகம் முப்பதுதான்.
முன்னால் போகிறவரின் சிவப்பை விடாமல் பிடித்து
அந்தப் பக்கம் இறங்கிவிட்டோம்.

ஜனவரியில் ஒரு நண்பகல், சூரியன் திரும்பும் நாள்.
பள்ளிப் பிள்ளைகள் முகமெல்லாம் மஞ்சள் சாயம் பூசிக்
குன்றின்மேல் கத்துகிறார்கள்.
ஊரே சூரிய பன் தின்கிறது,
வெட்டவெளியில், வாயைத் துடைக்காமல்,
பார்க்கிறார்களே என்ற கூச்சமில்லாமல்.
ஒட்கெய்ர் ஒன்றைத் தட்டில் வைத்துத் தந்தான்.
நான் உட்கார்ந்தேன்.
மலைவிளிம்பில் ஆறு நிமிடம் எரிந்தது அது,
குளிர்ந்த, சின்ன, ஆனால் பொய் சொல்லாத விளக்கு.
கடித்தேன். ஜாம் புளித்தது.
ராஸ்ப்பெர்ரி என்று தெரிந்தது.

பாதிதான் முடிந்தது.
மீதியைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்தேன்.
யாருக்கு என்று ஒட்கெய்ர் கேட்கவில்லை.
இன்றிரவும் எனக்கு வேலை இருக்கிறது.